புத்தூரிலிருந்து ஒரு ஹெரால்டு

1960 மார்ச் 31 வரை திருத்தணியில் ஒருவர் கார் வாங்கினால் அவருடைய மாவட்டத் தலைநகர் சித்தூர். மவுண்ட் ரோடு ஷோரூமில் பணம் கட்டி, அங்கேயே சாவி வாங்கி, ஆவடி, திருவள்ளூர் வழியாக ஓட்டி வந்தாலும், வண்டி கடைசியில் போய் நிற்பது ஆந்திரத்தில். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற எல்லைப் போராட்டம், படாஸ்கர் தந்த தீர்ப்பு, 1959-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் கழிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கமே தங்கிவிட்டன. நடுவில் பொன்பாடி சோதனைச்சாவடி.

இந்த எல்லையைத் தாண்டித்தான் எங்கள் பக்கத்தில் பெண் எடுக்கிறோம், பெண் கொடுக்கிறோம். கை உடைந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூருக்கே ஓடுகிறோம். தெலுங்கில் ஆரம்பித்த பேச்சு தமிழில் முடிவதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஒரு பழைய காரை வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவர முயலும்போதுதான் இங்கே எல்லை என்று ஒன்று இருப்பது உறைக்கிறது. தறி வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் அண்மையில் புத்தூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கினார். கூடவே அலைந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கார் ஆந்திரப் பதிவெண் தாங்கியிருந்தாலும் பிறந்தது நம் பக்கம். 1948-ல் மெட்ராஸில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் தொழிற்சாலை வைத்து முதலில் வேன்கார்டு கார்களைப் பூட்டி விற்றது. 1961-ல் ஹெரால்டு வந்தது. அதே 1948-ல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அசோக் லேலண்டு லாரிக் கம்பெனி என்று மட்டுமே அறிந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் பியட், மெட்ராஸில் ஹெரால்டு. அறுபதுகளில் இந்தியாவில் கார் வாங்குவதென்றால் இந்த மூன்றில் ஒன்று, அவ்வளவுதான் கடை. ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. இங்கிலாந்தில் அது இரண்டு கதவுக் காராகவே கடைசிவரை விற்றது. இரண்டு கதவுக்குள் புகுந்து பின் சீட்டுக்குப் போக மடிசார் கட்டிய பாட்டிகள் சம்மதிக்க மாட்டார்கள் என்று கம்பெனிக்கு யார் சொன்னார்களோ, நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில்தான் வந்தது. நண்பர் வாங்கியது அந்த வகை.

அன்று புதுக் கார் வீட்டுக்கு வரும் கதை, கார் வருவதற்குப் பல ஆண்டு முன்பே ஆரம்பித்துவிடும். உற்பத்திக்கு லைசென்ஸ், விலைக்குக் கட்டுப்பாடு, விநியோகத்துக்கு அரசாணை. பதிவு செய்கிறவர் முன்பணத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு, பாஸ்புக்கை டீலர் பேரில் ஈடு வைக்க வேண்டும். அதற்குப் பிறகு காத்திருப்புதான். பியட்டுக்கு வரிசை மிக நீளம். ஹெரால்டுக்கு அந்த அளவு இல்லை. "பியட் கிடைக்கலை, அதனால ஹெரால்டு" என்று வாங்கியவர்கள் நிறைய. அரசு ஒதுக்கீட்டில் சிலருக்குச் சீக்கிரம் கிடைக்கும். பெண்ணுக்கு நிச்சயமானபோது பதிவு செய்த கார், பேரன் பள்ளிக்கூடம் போகும்போது வந்தது என்று கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். கேலியில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

அதனால் டெலிவரி எடுக்கும் நாள் குடும்பத்துக்கே ஒரு நல்ல நாள். பஞ்சாங்கம் பார்த்து, ராகுகாலம் தவிர்த்து, வீட்டுப் பெரியவர் ஒருவரும் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரும் ரயிலில் மெட்ராஸ் போவார்கள். ஓட்டுபவர் பெரும்பாலும் உரிமையாளர் கிடையாது. பஸ் கம்பெனியில் வேலை பார்த்த டிரைவர். புது என்ஜினைப் பழக்க வேண்டும் என்பதால் விரட்டவும் கூடாது. முதல் சில நூறு மைலுக்கு மெதுவாகத்தான் போக வேண்டும்; பின்னால் வருபவர்களுக்குத் தெரிவதற்காக 'ரன்னிங் இன்' என்று கண்ணாடியில் எழுதி ஒட்டுவதும் உண்டு. சுமார் 85 கிலோமீட்டர் தூரம், அன்றைய கணக்கில் 50 மைலுக்கும் சற்று மேலே. அம்பத்தூர், ஆவடி தாண்டினால் வயலும் ஏரிக்கரையும்தான். திருவள்ளூரில் வீரராகவரைக் கும்பிட்டு, கனகம்மாசத்திரத்தில் வண்டிக்கும் ஆட்களுக்கும் தண்ணீர் காட்டி, பொழுது சாய முருகன் மலை தெரியும்போது வண்டியிலிருந்தே கைகூப்புவார்கள். வீட்டுக்குப் போவதற்கு முன் அடிவாரத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டிய பிறகே தெருவுக்குள் நுழைவது.

தெருவில் 'பிளசர்' வந்துவிட்டது என்று பிள்ளைகள் ஓடுவார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காரை அப்படித்தான் சொன்னார்கள்; வயதானவர்கள் இன்னமும் சொல்கிறார்கள். ஆனால் கார் உல்லாசத்துக்கு ஓடியதை நான் அறியேன். உழைத்தது. நடு இரவில் பிரசவ வலி எடுத்தால் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பாம்பு கடித்தவரை அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கும், அங்கே முடியாது என்றால் வேலூர் சி.எம்.சி.க்கும் கொண்டுபோனது அதுதான். பெண் பார்க்கப் போகவும், மாப்பிள்ளை அழைப்புக்கும், ஆர்மோனியப் பெட்டியோடு கச்சேரிக்காரரை ரயிலடியிலிருந்து கூட்டி வரவும் அதே கார். பெட்ரோல் யார் போட்டார்கள் என்பது அவரவர் கௌரவத்தைப் பொறுத்தது. தெருவுக்கு ஒரு கார் என்ற நிலையில், உரிமையாளர் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இருந்ததே தவிர, வண்டி தெருவுக்குப் பொதுவாக இருந்தது.

கெட்டுப்போனால்? அதுதான் இன்றைக்கும் அன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம். கெட்டுப்போவதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் ஷெட் மெக்கானிக் மாலையில் வேலை முடிந்து வந்து பார்ப்பார். லேத் பட்டறைக்காரர் புஷ் கடைந்து கொடுப்பார். சி.பி. பாயிண்ட்டில் கரி பிடித்தால் தீப்பெட்டிப் பக்கவாட்டில் தேய்த்துச் சரிசெய்ய ஓட்டுநர்களுக்கே தெரியும். செல்ப் எடுக்கவில்லை என்றால் ஹேண்டில் போட ஆள் உண்டு. தள்ள அதைவிட அதிகம் ஆள் உண்டு. கார் கிடைப்பது கடினமாகவும் கைகள் மலிவாகவும் இருந்த காலம்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹெரால்டின் வாரிசாக 1972-ல் கெசல் வந்தது, சில ஆண்டுகளில் நின்றது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபிறகு பழைய மூன்றுக்கும் மவுசு குறைந்தது. ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரை விட்டுப் பார்த்தது. அது நிற்கவில்லை, கம்பெனியும் நிற்கவில்லை. 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் எங்களுக்குப் பக்கத்தில் திருவள்ளூரிலேயே தொழிற்சாலை போட்டு மிட்சுபிஷி லான்சர் செய்தது. உத்தரபாராவில் அம்பாசிடர் 2014 மே மாதம் நின்றது. பம்பாயில் பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் சாலையை விட்டு விலகின. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ ஹெரால்டுகள் புதுப்பேட்டைக்குப் போய்ப் பிரிந்தன. கதவு ஒரு பக்கம், ரேடியேட்டர் ஒரு பக்கம், மிச்சம் எடைக்கு.

புத்தூர்க் கார் தப்பியது ஒரு டாக்டரால். அவர் இருந்தவரை ஓட்டினார். போனபிறகு அவருடைய தம்பி ஷெட்டில் போட்டுப் பூட்டிவைத்திருந்தார். சினிமாவுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள், ஓட்டல் வாசலில் நிறுத்தி வைக்கக் கேட்டிருக்கிறார்கள், தரவில்லை. நண்பர் போனபோது பெரியவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"மலைக்கு ஏத்துவியா நைனா?" என்று கேட்டார்.

"ஏத்தாம எப்படிங்க தாத்தா? எங்க ஊருக்கு வந்தா முதல்ல அங்கதான்."

"அப்ப லாரியில ஏத்திகினு போவாதே. ஓட்டிகினு போ."

விலை அதற்குப் பிறகு சுலபமாகவே படிந்தது. இன்று பழைய கார் வாங்குவதில் சுலபமான பகுதி அது ஒன்றுதான். கைப்பேசியில் படம் வருகிறது, கைப்பேசியிலேயே பணம் போகிறது. அன்று கார் வருவதற்கு முன் காத்திருந்தார்கள். இன்று கார் கைக்கு வந்தபிறகு காத்திருக்கிறோம், காகிதத்துக்காக.

ஆர்.சி. புத்தகம் கையால் எழுதியது, பேர் காலமான டாக்டருடையது. முதலில் வாரிசுச் சான்றிதழ் வைத்துத் தம்பி பேருக்கு மாற்ற வேண்டும். பதிவுக் காலம் முடிந்திருந்ததால் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளது கணினிப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த வேலை எதுவும் நகராது. இன்சூரன்ஸ், புகைச் சான்று. பிறகு வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபமில்லை என்று படிவம் 28-ல் சான்று. அது வந்தபிறகு இந்தப் பக்கம் வரி கட்டி, பெயர் மாற்றி, தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். பழைய கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணமும் பழைய மாதிரி இல்லை. 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் மத்திய அரசு 5,000 ஆக்கியது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000. சேசிஸ் எண்ணில் ஓர் இலக்கம் துருவில் மறைந்திருந்ததால் ஒரு மேசையில் எங்கள் கோப்பு நெடுநாள் படுத்துக் கிடந்தது. சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டுபோய்த் தேய்த்து, இலக்கம் கண்ணுக்குத் தெரிந்தபிறகு எழுந்தது. இந்தக் காலத்துக்குள் மெக்கானிக் பாய் என்ஜினை இறக்கி, போர் பார்த்து, திரும்ப ஏற்றியே விட்டார்.

பாய் அரக்கோணத்துக்காரர், எழுபதைத் தொட்டவர். அவர் பையன் கார் சர்வீஸ்தான் செய்கிறான். லேப்டாப்பைச் செருகினால் கோளாறு என்னவென்று திரையில் வரும். ஹெரால்டில் செருகுவதற்கு இடமில்லை. பாய் ஒரு நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார். ஹெரால்டில் பானெட் மட்டும் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாமாகச் சேர்ந்து முன்பக்கமே கவிழ்ந்து கொடுக்கும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். "இந்தக் கார் மாதிரி மெக்கானிக்குக்கு மரியாதை குடுத்த கார் கிடையாது சார். குனியவே வேணாம்" என்று அவர் சொன்னபோது, பையன் பக்கத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கற்றுக்கொள்ளவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. வருஷத்துக்கு எத்தனை ஹெரால்டு வரப்போகிறது?

உதிரி பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் சுற்றினோம். 13 அங்குல டயர் கிடைக்கிறது. கண்ணாடி ரப்பர், விளக்கு வளையம் போன்றவைதான் குதிரைக்கொம்பு. சிலவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், ஏனென்றால் அங்கே டிரையம்ப் ஹெரால்டுக்கு இன்றும் பாகம் செய்து விற்கிறார்கள். மெட்ராஸில் பிறந்த காருக்கு மெட்ராஸில் கிடைக்காத ரப்பர் இங்கிலாந்திலிருந்து வருவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பெட்ரோலும் அன்றைய பெட்ரோல் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயம். விரட்டி ஓட்டாதவரை கவலை இல்லை என்றாலும், ஹெட்டைக் கழற்றும் சமயத்திலேயே கெட்டிப்படுத்திய சீட் போட்டுவிடுவது நல்லது. இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்து வெடிக்கச் செய்யும், ஈரத்தை இழுக்கும், நிறுத்தியே வைத்திருக்கும் காரின் டேங்கில் துருவை வளர்க்கும். பெட்ரோல் குழாய் முழுவதையும் பாய் மாற்றினார். "ஓட்டினா கெடாது, நிறுத்தினாதான் கெடும்" என்பது அவர் மருத்துவம்.

கொண்டுவந்த நாள் விடியலுக்கு முன்பே கிளம்பினோம். காரணம் பக்தி இல்லை, வெயில். கோடை வந்தால் வானிலைச் செய்தியில் திருத்தணியின் பெயர் தவறாமல் வரும். சதம் அடித்த ஊர்களில் முன்வரிசை. இந்த வெயிலில் பழைய காருக்கு வரும் வியாதி வேப்பர் லாக். என்ஜின் பக்கத்திலேயே இருக்கும் பெட்ரோல் பம்ப் சூடேறி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி மூச்சடைத்து நிற்கும். மருந்து, பம்பின் மேல் ஈரத்துணி. அன்று கார் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் டிக்கியில் ஒரு தண்ணீர் கேனும் பழைய வேட்டித் துணியும் இருந்தது இதற்காகத்தான். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

புத்தூரிலிருந்து திருத்தணி முப்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பெரியவர் வாசலில் நின்று, சாவியைக் கையில் தராமல் வெற்றிலைத் தட்டில் வைத்துத் தந்தார். 948 சி.சி. என்ஜின்; இன்றைய சின்னக் கார்களே இதைவிடப் பெரிய என்ஜின் வைத்திருக்கின்றன. நெடுஞ்சாலையில் எங்களைத் தாண்டிப் போன லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தது எரிச்சலில் என்றுதான் முதலில் நினைத்தோம். பார்த்தால் கையை ஆட்டிச் சிரிக்கிறார்கள். நகரியில் டீக்கடை முன் நிறுத்தியதும் சுற்றி ஆள். ஒருவர் தெலுங்கில் விலை கேட்டார், ஒருவர் தமிழில் மைலேஜ் கேட்டார், ஒரு பையன் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவன் அதுவரை பொத்தானைத்தான் பார்த்திருக்கிறான். பொன்பாடியில் வண்டியை நிறுத்தவில்லை. காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்த நண்பருக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது.

மலைக்குப் படி வழியாகப் போனால் 365 படி, ஆண்டின் நாளுக்கு ஒன்று. டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் சூடம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறுவார்கள். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகள் மலையையே மூடிவிடும். அந்த நாட்களில் கார்க்காரர்கள் மேலே போக நினைக்கவே வேண்டாம். மற்ற நாட்களில் மலைப்பாதை இருக்கிறது. ஹெரால்டுக்கு ஒரு பெருமை உண்டு: 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இன்றைய பெரிய கார்கள் அகலமாக எடுத்துத் திரும்பும் வளைவில் இது சுருக்கமாகச் சுழன்றது. ஏறுவதற்கு இரண்டாவது கியர், வளைவில் முதல் கியர். ரேடியேட்டர் முள் மேலே போனாலும் கொதிக்கவில்லை.

மேலே வாகன பூஜைக்கு வரிசை. முன்னால் ஒரு வெள்ளை எஸ்.யு.வி., அதற்கு முன் பைக்குகள், ஒரு சின்ன சரக்கு ஆட்டோ. தமிழ்நாட்டு எண்ணும் ஆந்திர எண்ணும் கலந்துதான் நிற்கின்றன. இன்று வாங்கியது, நேற்று வாங்கியது. இன்று கார் வாங்குவது ஒரு வங்கிக் கையெழுத்து. மாதத் தவணை என்பதால் கடைக்குட்டிப் பிள்ளைகூடக் கார் வாங்குகிறான். நல்லதுதான். ஒரு தெரு முழுவதும் ஒரு காரை நம்பி இருந்த காலத்தைப் பொற்காலம் என்று பாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு கார் ஊரில் இல்லாத இரவில் பிரசவ வலி எடுத்தவளின் கதையை அவர்கள் கேட்டதில்லை. இன்று கூப்பிட்டால் 108 வருகிறது.

குருக்கள் ஹெரால்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "புது வண்டியா, பழைய வண்டியா? எப்படிச் சொல்லி அர்ச்சனை பண்றது?" என்று கேட்டார். நண்பர், "எங்களுக்குப் புதுசு சாமி" என்றார். சந்தனம், குங்குமம், மாலை, நான்கு எலுமிச்சம்பழம். இதில் மட்டும் அறுபது ஆண்டில் எந்த மாற்றமும் இல்லை. மாலை போட்ட காரைச் சுற்றிப் படம் எடுக்க நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்களுக்கு அறிமுகமே இல்லாதவர்கள்.

இறங்கும்போது பாய்தான் ஓட்டினார். ஹெரால்டுக்கு ஒற்றைச் சுற்று பிரேக். ஒரு குழாய் போனால் நான்கு சக்கரமும் போயிற்று. இன்றைய கார் ஓட்டிப் பழகிய கால் பிரேக்கிலேயே நிற்கும், பாதி வழியில் டிரம் சூடாகிப் பிடிப்பு குறையும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். அதை நண்பர் கற்றுக்கொள்ளும்வரை மலைக்குத் தனியாகப் போவதில்லை என்று பேச்சு.

இதற்குப் பிறகு ஒரு கேள்வி வந்தது: காரை 'வின்டேஜ்' என்று பதிந்துவிடலாமா? 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகனத் திருத்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்கும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை அந்த வகையில் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும் தனி எண் வரிசை. ஏற்கெனவே எண் உள்ளவர்கள் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கார் பிரியர்கள் வின்டேஜ் என்பது 1919 முதல் 1930 வரை செய்த கார்களை. சட்டத்தின் கணக்கில் எமர்ஜென்சி காலத்துப் பத்மினிகூட இன்று வின்டேஜ்தான். அதில் தப்பில்லை, நம் நாட்டில் 1930-க்கு முந்தியது எத்தனை மிஞ்சியிருக்கிறது?

சிக்கல் வேறு இடத்தில். அப்படிப் பதிந்த காரை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய கார்ப் பேரணி, அதற்காகப் பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். திருவிழா அன்று மட்டும் வீதி உலா வரும் உற்சவ மூர்த்தி மாதிரி ஆகிவிடும் கார். பேத்தியைப் பள்ளிக்கு விட முடியாது, கல்யாணத்துக்குப் போக முடியாது, கிருத்திகைக்கு மலை அடிவாரம்வரைகூடப் போக முடியாது. டெல்லி மாதிரி 15 ஆண்டு ஆன பெட்ரோல் காரைத் தடுக்கும் ஆணை தமிழ்நாட்டில் இல்லை. எனவே சாதாரணப் பதிவிலேயே வைத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி, பசுமை வரியும் கட்டி ஓட்டுவது என்று நண்பர் முடிவு செய்தார். என் கருத்தும் அதுதான். கோவை அவினாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகமும், சென்னை ஏவி.எம். ஸ்டுடியோவில் 2023-ல் திறந்த அருங்காட்சியகமும் பார்க்க வேண்டியவை. அங்கே நிற்கும் கார்கள் பளபளப்பதைப் போல நண்பரின் ஹெரால்டு ஒருநாளும் பளபளக்காது. ஆனால் போன மாதம் அது சோளிங்கருக்கு ஒரு வளைகாப்புக்குப் போய் வந்தது. மாதம் ஒருமுறை குடும்பக் காரியத்துக்கு எடுக்கலாம் என்று ஒரே ஒரு வரியை வி.ஏ. விதியில் அரசு சேர்த்தால், பதிவு செய்யத் தயங்கி நிற்கும் பலர் முன்வருவார்கள்.

பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, நகரி பக்கத்து வீடுகளில் இன்னும் சில ஷெட்டுகளில் தார்ப்பாய்க்கடியில் அம்பாசிடரும் பியட்டும் ஹெரால்டும் நிற்கின்றன. அவற்றை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரை விற்கலாம், வைத்துக்கொள்ளலாம், அது உங்கள் இஷ்டம். துருப்பிடித்த தகட்டை டிங்கர் சரிசெய்வார், என்ஜினைப் பாய் மாதிரி ஒருவர் உயிர்ப்பிப்பார். ஆர்.சி. புத்தகம் போனால் காரை ஓடவைக்க யாராலும் முடியாது. பீரோவில் பழைய பத்திரங்களோடு அது எங்கேயோ இருக்கும். இன்றே தேடி எடுத்து வையுங்கள்.